முதன்முறையாகப் பெண்கள் நல மருத்துவரிடம்: வீட்டுப் பெண்களை அழைத்துச் சென்றவர்களும் தாமே சென்றவர்களும் பகிர்ந்தவை

திருச்சி அம்மா:

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று மாதங்களுக்கு மேலாக மாதவிடாய் வராததால் பெண்கள் நல மருத்துவரைப் பார்த்துவிடலாம் என்று சொன்னபோது, அவள் நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "உள்ளே விட்டுப் பார்ப்பாங்களாம்மா?" என்றுதான் கேட்டாள். பிரசவத்துக்குப் போய் வந்தவர்கள் பேசியதையெல்லாம் காதில் வாங்கி வைத்திருந்தவளுக்கு அந்த ஒரு பயமே மலையாக நின்றது. "ஒண்ணுமில்ல, பயப்படாதே" என்று சொல்லிக் கூட்டிப் போவது எளிது. ஆனால் அப்படிக் கூட்டிப் போன இடத்தில் சொல்லாதது ஏதேனும் நடந்துவிட்டால், அடுத்த முறை அவள் நம் பேச்சை நம்பமாட்டாள். ஆகவே மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, மணமாகாத பெண்ணுக்கு முதல் நாளில் என்னென்ன செய்வார்கள் என்று கேட்டு, அதை அப்படியே அவளிடம் சொன்னேன்: எடையும் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள், நிறையக் கேள்வி கேட்பார்கள், படுக்க வைத்து வயிற்றை மேலிருந்து அழுத்திப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனும் எழுதித் தருவார்கள்.

கடைசியாக மாதவிடாய் தொடங்கிய தேதியைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார். "ரிவிஷன் டெஸ்ட் சமயத்துல" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவர் எதையும் கணக்கிட முடியாது. நினைவிலிருந்த தேதிகள், வயதுக்கு வந்தபோது இருந்த வயது, எத்தனை நாள் இரத்தப்போக்கு இருக்கும், நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, குடும்பத்தில் சர்க்கரையும் தைராய்டும் யார் யாருக்கு உண்டு என்பதையெல்லாம் அவள் கையாலேயே ஒரு தாளில் எழுத வைத்தேன். அது அவளுடைய எழுத்து என்று தெரிந்ததாலோ என்னவோ, மருத்துவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு அவளைப் பார்த்தே பேசினார். முன்பே பேசி வைத்திருந்தபடி நான் பக்கத்து நாற்காலியில் வாய் திறக்காமல் இருந்தேன். அது அத்தனை சுலபமாக இல்லை.

மருத்துவர் அவளுடைய கூந்தலை ஒதுக்கிப் பின்கழுத்தைப் பார்த்தது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அங்கே படர்ந்திருந்த கருமையை அழுக்கு என்று எண்ணி, பார்க்கிறவர்களெல்லாம் கடலை மாவு தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யாதபோது இப்படி வரும், நீர்க்கட்டிப் பிரச்சினை என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் உள்ள பெண்களிடம் இது அடிக்கடி காணப்படும் என்று அவர் விளக்கினார். தைராய்டு, சர்க்கரை, புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். உள்பரிசோதனை எதுவும் செய்யவில்லை.

மதுரை செவிலியர்:

சகோதரி, நீங்கள் வாய் திறக்காமல் இருந்தது பெரிய உதவி. அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு, "உனக்கு என்னம்மா செய்யுது?" என்ற கேள்விக்கு அம்மா பதில் சொல்ல, மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அன்றாடக் காட்சி. சில நிமிடங்களாவது தாயை வெளியே இருக்கச் சொல்லிப் பெண்ணிடம் தனியாகப் பேசும் மருத்துவர்களைச் சந்தேகப்படாதீர்கள். வெள்ளைப்படுதல், அரிப்பு, மார்பில் கட்டி என்று அம்மாவிடம்கூடச் சொல்லாத எத்தனையோ விஷயங்கள் அந்தச் சில நிமிடங்களில்தான் வெளியே வருகின்றன.

இரண்டு விஷயங்களைப் பெண்ணுக்கும் தாய்க்கும் முன்பே சொல்லி வைத்துவிட்டால் எங்கள் அறையில் பாதிச் சண்டை குறையும். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பது, உடலுறவு உண்டா என்பதை நம் ஊரில் சுற்றிவளைத்துக் கேட்கும் முறை. அந்தப் பதிலை வைத்துத்தான் உள்பரிசோதனை செய்யலாமா, எந்த வகை ஸ்கேன் எடுக்கலாம் என்று முடிவு செய்வார்கள். உண்மையை மறைத்தால் சிகிச்சை தவறிப்போகலாம். அடுத்தது, மாதவிடாய் தள்ளிப்போன யாருக்கும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வது வழக்கமான நடைமுறை. "என் பொண்ணைப் பத்தி என்ன நினைச்சீங்க?" என்று தாய்மார்கள் கொதிக்கிறார்கள். யாரைப் பற்றியும் எதுவும் நினைக்காமல் எல்லோருக்கும் செய்வதால்தான் அது வழக்கம் எனப்படுகிறது.

இரகசியம் காக்கப்படுமா என்று பெண்கள் கேட்டால் நேர்மையாகச் சொல்லிவிடுவேன். பொதுவாகக் காக்கப்படும். ஆனால் 18 வயது நிறையாதவர் உடலுறவுக்கு உள்ளாகியிருப்பது தெரியவந்தால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் கொடுக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு. கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

எப்போது அழைத்து வர வேண்டும் என்றும் கேட்கிறார்கள். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் இடைவெளியில் மாதவிடாய் வருவது இயல்பே. 90 நாள் தாண்டினாலோ, 15 வயது நிறைந்தும் வயதுக்கு வராவிட்டாலோ, போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்திலிருந்தே அதிகப் போக்கு உள்ள பெண்ணிடம் ஈறில் இரத்தம் வருமா, மூக்கில் வருமா என்று கேட்போம். சிலருக்கு இரத்தம் உறைவதிலேயே குறை இருக்கும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. "சோர்வா இருக்கா, சரியா சாப்பிடறதில்லை" என்று வீட்டில் திட்டு வாங்கும் பெண்ணின் ஹீமோகுளோபினை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை.

கோவை விடுதி மாணவி:

நான் தனியாகவே போனேன். 18 வயது முடிந்துவிட்டதால் துணைக்கு ஆள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன், ஆனால் வரிசை நகரவேயில்லை. அடக்க முடியாமல் கழிப்பறைக்குப் போய் வந்தால் மறுபடி முதலிலிருந்து குடிக்க வேண்டும். எனவே டோக்கன் எண்ணைப் பார்த்து, நம் முறைக்கு ஒரு மணி நேரம் முன்பு குடிக்கத் தொடங்குவதே புத்திசாலித்தனம். சுவரில், கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது சட்டப்படி குற்றம் என்ற பலகை. அதன் கீழே பெரிய வயிற்றோடு அமர்ந்திருந்த அக்காக்களுக்கு நடுவில் கல்லூரி அடையாள அட்டையோடு நான். அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நாடா வைத்த சுடிதார் போட்டுப் போனால் அடிவயிறு வரை இறக்கினாலே போதும். முழு கவுன் மட்டும் வேண்டாம். ஜெல் சில்லென்று இருக்கும், நிறைந்த சிறுநீர்ப்பையின் மேல் அழுத்தும்போது சற்றுச் சங்கடமாக இருக்கும். வலி இல்லை.

தஞ்சாவூர் அத்தை:

தாயில்லாத என் அண்ணன் மகளை நான் அழைத்துச் சென்றேன். எங்கள் பக்கத்தில் அன்று இருந்தவர் ஆண் மருத்துவர். "அத்தை, வேண்டாம், திரும்பிடலாம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை; தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்திலேயே அது இருக்கிறது. நானும் ஒரு செவிலியரும் திரைக்கு உள்ளே நின்றோம். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் அவளிடம் கேட்டுவிட்டே அவர் செய்தார். (இந்தத் தயக்கம் புதிதுமல்ல, கேலிக்குரியதுமல்ல. ஆண் மருத்துவரிடம் வராத பெண்களுக்காகவே ஆங்கிலேய மருத்துவர் மேரி ஷார்லீப் 1885இல் சென்னையில் தொடங்கியதுதான், இன்றைக்கும் பலர் கோஷா (பர்தா) ஆஸ்பத்திரி என்றே சொல்லும் திருவல்லிக்கேணி மருத்துவமனை.)

சிக்கல் மருந்துக் கடையில்தான் வந்தது. மாதவிடாயை ஒழுங்குபடுத்த எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையைக் கடைப் பையன் தாளில் சுற்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கொடுத்தான். வீட்டில் அண்ணன் அதைப் பிரித்துப் பார்த்து, கருத்தடை மாத்திரை என்று தெரிந்ததும் பேச்சற்றுப் போனார். அதே மாத்திரையைத்தான் ஹார்மோன் சீரின்மைக்கும் கொடுக்கிறார்கள் என்பதை மருத்துவர் எங்களிடம் சொல்லியிருந்தார். அண்ணனிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனவே மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும், அந்த அறையிலேயே பெண்ணைக் கேட்க வையுங்கள்: இது எதற்கு, எத்தனை நாள், இடையில் என்ன ஆகும், ஒரு நாள் மறந்தால் என்ன செய்வது. சில மாத்திரைகளை நிறுத்திய சில நாள்களில்தான் போக்கு வரும். அது தெரியாமல், மாத்திரை பலிக்கவில்லை என்று பாதியில் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திருச்சி அம்மா:

எங்கள் மருத்துவர் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பற்றியும் பேசினார். 9 முதல் 14 வயது வரை இரண்டு தவணை, 15 வயதுக்கு மேல் மூன்று தவணை என்று சொல்லி அட்டை ஒன்று கொடுத்தார். மகளுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. எட்டாம் வகுப்பு படிக்கும் தங்கைக்கு இரண்டோடு முடிந்துவிடும் என்பதால் அவளையும் அடுத்த முறை கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். அக்கா எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, தங்கையும் தன்னுடைய தேதிகளைக் குறிக்கத் தொடங்கியிருக்கிறாள்.