பென்டிரைவில் பப்பி லினக்ஸ்: சேவ் செய்த கோப்பு காணோம், அடிக்கடி உறைந்தும் போகிறது

ஓட்டைநெட்புக்:
வணக்கம். ஆட்டம் என்270 பிராசசர், 1 ஜிபி ரேம் உள்ள பழைய நெட்புக். ஹார்டு டிஸ்க் போய்விட்டதால் கழற்றிவிட்டு, 8 ஜிபி பென்டிரைவில் பப்பி லினக்ஸ் இயங்குதளத்தின் பயோனிக்பப் 32 பதிப்பைப் போட்டு ஓட்டுகிறேன். வேகம் பரவாயில்லை. ஆனால் தட்டச்சு செய்யும்போது அவ்வப்போது எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. பென்டிரைவ் விளக்கு மட்டும் விடாமல் மினுக்குகிறது. நேற்று கரண்ட் போனது, பேட்டரிக்கும் உயிர் இல்லை. திரும்ப ஆன் செய்தால் கடைசியாக அடித்த பக்கங்களைக் காணோம். கன்ட்ரோல் எஸ் அடித்திருந்தேன், சத்தியமாக! பென்டிரைவ் கெட்டுவிட்டதா?

கம்பிவடம்:
ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் தலைவலி விட்டது.

ரேம்வாசி:
அந்த நெட்புக்குக்கு எஸ்எஸ்டி வாங்கும் காசுக்கு வேறு ஏதாவது செய்யலாம். பென்டிரைவ் மேல் தப்பில்லை சார், பப்பியின் சுபாவமே அதுதான்.

பப்பியின் மூலக் கோப்பு படிக்க மட்டுமே. அதில் எதையும் எழுத முடியாது. நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் அதன் மேல் விரித்த ஒரு கண்ணாடித் தாளில் விழுகிறது. பென்டிரைவிலிருந்து ஓட்டும்போது அந்தத் தாள் இருப்பது ரேமில். ஃபிளாஷ் நினைவகத்தில் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் உடனே இறக்காமல், சேர்த்துவைத்து அரை மணிக்கு ஒரு தடவை பென்டிரைவில் உள்ள சேவ் கோப்புக்குள் கொட்டுகிறது. நீங்கள் பார்த்த உறைதல் அந்த நேரம்தான். கன்ட்ரோல் எஸ் அடித்ததும் ரேமுக்குத்தான் போனது. கரண்டோடு அதுவும் போய்விட்டது.

மெனுவில் ஈவென்ட் மேனேஜர் இருக்கும். அதில் சேவ் இடைவெளி 30 நிமிடம் என்று இருப்பதை 0 ஆக்குங்கள். இனி தானாக இறக்காது; மேசையில் உள்ள சேவ் ஐகானை அழுத்தும்போதும், கணினியை அணைக்கும்போதும் மட்டும் இறக்கும். பிரவுசரில் டிஸ்க் கேஷையும் (பார்த்த பக்கங்களின் நகலைச் சேர்த்துவைக்கும் இடம்) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் குப்பையும் சேர்ந்தே இறங்கும்.

முக்கியமானது இதுதான். கட்டுரைகளை ரூட் கோப்புறையில் வைக்காதீர்கள். எம்என்டி (mnt) கோப்புறைக்குள் ஹோம் (home) என்று ஒன்று இருக்கிறது. அது பென்டிரைவேதான், அங்கே வைப்பது ரேமில் தங்காமல் நேரே டிரைவுக்குப் போகும். சேவ் கோப்பு என்றாவது கெட்டாலும் கட்டுரை தப்பிக்கும். அப்புறம், சேவ் செய்தவுடன் டெர்மினலில் சிங்க் (sync) என்ற கட்டளையைக் கொடுத்து, விளக்கு அடங்கும்வரை பொறுங்கள். உங்கள் பேட்டரி நிலைமைக்கு இது அவசியம்.

ஓட்டைநெட்புக்:
0 ஆக்கிவிட்டேன், உறைதல் நின்றது. நன்றி சார். இந்த பென்டிரைவை அலுவலகக் கணினியில் செருகி பேங்க் வேலை பார்க்கலாமா? பப்பியில் எப்போதும் ரூட் ஆக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராகத்தான் இருக்கிறோம் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

ரேம்வாசி:
முதலில் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், சில இடங்களில் யுஎஸ்பியிலிருந்து கணினி தொடங்குவதையே தடுத்து வைத்திருப்பார்கள். ரூட் விஷயம் உண்மை; பிரவுசரை மட்டும் ஸ்பாட் என்ற சாதாரணப் பயனராக ஓட்ட வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பேங்க் வேலைக்கு, கணினி தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் சேவ் கோப்பு இல்லாமல் தொடங்கும் தேர்வை எடுங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட்ட பப்பி மாதிரியே வரும். அணைக்கும்போது சேவ் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தடயம் இருக்காது. ஆனால் பிரவுசர் பழையதாக இருந்தால் இந்தத் தந்திரம் எதுவும் காப்பாற்றாது. உங்களுடையது 32 பிட்; குரோம் 32 பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டுவிட்டது.

கம்பிவடம்:
ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸின் 32 பிட் பதிப்பும் பென்டிரைவில் ஓடும், அதிலும் மாற்றங்களைச் சேமிக்கலாம்.

ரேம்வாசி:
ஓடும். அதில் சாதாரணப் பயனராகவே இருக்கலாம் என்பதால் ரூட் பயம் உள்ளவருக்கு அதுதான் சரி. ஆனால் எழுதவேண்டிய கட்டுரையை விட்டுவிட்டு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) மாற்றிக்கொண்டே இருப்பார்கள் சிலர், அந்தப் பக்கம் போகாதீர்கள் சார்.