சத்தியம் செய்துவிட்டு மாட்டிக்கொண்டேன்

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி திடீரென்று வீட்டுப்பாடமே கொண்டுவரவில்லை. "ஏன் செய்யல?" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டேன். தரையைப் பார்த்தாள், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் மதியம் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவும்போது பக்கத்தில் நின்று, "இப்பல்லாம் ஸ்கூல் விட்டதும் என்னம்மா பண்றே?" என்றேன். கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடும் சத்தம்தான். நானும் வாயை மூடிக்கொண்டேன் (எனக்கு அது பெரிய வேலை). "யார்கிட்டயும் சொல்லக் கூடாது டீச்சர்" என்றாள். "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சொன்னது வேன் டிரைவரைப் பற்றி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012 வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். எச்.எம்.மிடம் சொல்லி, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்து, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. வாக்குமூலம் வாங்க வந்த பெண் எஸ்.ஐ. யூனிஃபார்மில் வரவில்லை, குழந்தையிடம் அப்படித்தான் வர வேண்டுமாம், எனக்கே அன்றுதான் தெரியும். ஆனால் என் மாணவி இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. போலீசைவிட என் சத்தியம்தான் அவளுக்கு வலித்திருக்கிறது.

இப்போது யார் அப்படி ஆரம்பித்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "ஊர் முழுக்கச் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, உதவி பண்றவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்டன்னு உனக்கு முதல்ல சொல்லிடுவேன்." ஒரு பையன் மட்டும் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போனான். மறுநாள் அவனே வந்தான்.

*

டீச்சர், குழாயடி விஷயம் ரொம்பச் சரி. நான் ஒரு அப்பா. பிளஸ் டூ அரையாண்டில் மார்க் குறைந்ததும் பையன் அழுதான், "இதெல்லாம் ஒரு விஷயமாடா?" என்றேன், தேற்றுவதாக நினைத்துத்தான். ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டோடு ரூமுக்குள் போய்விட்டான். டியூஷனுக்கு பைக்கில் கூட்டிப்போகும்போது, "அன்னைக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சாடா?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டேன். பின்னாலிருந்து என்னென்னமோ கொட்டினான், ஹெல்மெட்டுக்குள் பாதிதான் காதில் விழுந்தது. டியூஷன் சென்டரைத் தாண்டி இரண்டு ரவுண்டு சுற்றிவிட்டுத்தான் இறக்கிவிட்டேன்.