மாத்திரைத் தாளும் பிஸ்கட் உறையும்: வீட்டுக்குள் வரும் ஆங்கிலத்தைப் படித்துப் பழகிய அனுபவங்கள்

திண்டுக்கல்லிலிருந்து முதல் பதிவு

வங்கித் தேர்வுக்குப் படிக்கிற தமிழ்வழி மாணவர்களில் பலருக்கு ஆங்கிலப் பகுதியில் கைவிட்டுப் போவது பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் கேள்விகள்தான். நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, அப்புறம் பி.காம். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் அந்தப் பகுதியின் கட்-ஆஃப்கூடத் தாண்டவில்லை. பயிற்சி மையத்தில் தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் படிக்கச் சொன்னார்கள். எட்டு மாதம் விடாமல் படித்தேன். தெரியாத சொற்களை எழுதி எழுதி மூன்று நோட்டு நிறைந்தது. ஆனால் பத்தியைப் படித்து முடித்ததும் என்ன சொன்னான் என்று கேட்டால் வாயில் ஒன்றும் வராது. ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப் பற்றித் தமிழில் எழுதியிருந்தாலே எனக்குத் திணறும், அதை ஆங்கிலத்தில் படித்து மொழியையும் விஷயத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்தால் இரண்டும் நழுவத்தானே செய்யும்.

என்னை மாற்றியது அம்மாவின் தைராய்டு மாத்திரை. டப்பாவுக்குள் நான்காக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்கள், பொடி எழுத்தில். அம்மா அப்போது கால்சியம் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டார். தாளைப் பிரித்துத் தேடினேன், கால்சியத்தைப் பற்றிய வரி கிடைத்தது, அதன் கடைசியில் 'அட்லீஸ்ட் ஃபோர் அவர்ஸ் அபார்ட்' என்று இருந்தது. 'அபார்ட்' என் நோட்டில் இருந்த சொல்தான், 'தனியாக' என்று எழுதி வைத்திருந்தேன். 'ஃபோர் அவர்ஸ்' என்றதை மருந்து வேலை செய்யும் நேரம் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். "ரெண்டையும் ஒண்ணாப் போடாதேம்மா, தனித்தனியாப் போடு" என்று சொல்லிவிட்டேன். அம்மா அதை அப்படியே கடைப்பிடித்தார். காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, ஐந்து நிமிடம் கழித்துக் கால்சியம்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைவாக இருந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு இறங்கவே இல்லை. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால், எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், அம்மா சொன்னார். கால்சியம் இந்த மருந்தோடு குடலிலேயே ஒட்டிக்கொண்டு அதை உடம்பில் சேரவிடாது, இரண்டுக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று விளக்கினார். பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பு சுருங்கிப்போனது. அந்த வரியில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் தெரியவில்லை. மூன்று நோட்டுச் சொற்கள் என்ன செய்யும்?

அன்றிலிருந்து தலையங்கத்தை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் வரும் ஆங்கிலத் தாள்களைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான். மாத்திரைத் தாள், மிக்ஸியின் வாரன்டி அட்டை, பேருந்து டிக்கெட்டில் ரத்து செய்யும் விதிகள், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, எண்ணெய் பாக்கெட். ஒரு தடவை முழுக்கப் படிப்பேன், தாளைக் கவிழ்த்து வைப்பேன், அதில் உள்ளதை அம்மாவிடம் தமிழில் சொல்வேன். அம்மா ஐந்தாம் வகுப்புதான், ஆனால் அவர் கேட்கும் கேள்விகளுக்கு எந்த வினாத்தாளும் ஈடாகாது. எத்தனை நாளைக்குள்? யார் கட்டணும்? கட்டலேன்னா என்ன பண்ணுவான்? நான் பதில் சொன்னால் அடுத்து ஒன்று கேட்பார்: "அதுல போட்டிருக்கா, இல்ல நீயாச் சொல்றியா?" பாதி நேரம் நானாகச் சொன்னதாகத்தான் இருந்தது. உடனே தாளை நிமிர்த்தித் திரும்பப் படிப்பேன்.

இப்படி இரண்டு மாதம் போனபின் என் தவறு எங்கே விழுகிறது என்று பிடிபட்டது. தமிழில் நிபந்தனை முன்னால் வரும், வினை கடைசியில் வரும். 'இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காது' என்போம். ஆங்கிலத்தில் பணம் திரும்பக் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, 'அன்லெஸ்' என்று போட்டு நிபந்தனையைப் பின்னால் வைக்கிறார்கள். 'கிடைக்காது' என்று தெரிந்ததுமே என் மனம் வாக்கியம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் தமிழில் அந்தச் சொல் வந்தால் முடிந்துவிடும். அதற்குப் பின் வரும் பாதியைக் கண் பார்க்கிறது, மனம் வாங்குவதில்லை. இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அதனால் இப்போது முற்றுப்புள்ளி வரும் வரை பொருள் எடுக்காமல் படிக்கப் பழகுகிறேன். 'அன்லெஸ்', 'அன்டில்', 'எக்ஸெப்ட்', 'விச்செவர் இஸ் எர்லியர்' இவற்றைப் பார்த்தால் பென்சிலால் வட்டம். இரு சக்கர வண்டியின் வாரன்டியில் இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர் என்று போட்டு இந்தக் கடைசித் தொடரைச் சேர்த்திருப்பார்கள். எது முன்னால் வருகிறதோ அதோடு வாரன்டி முடிந்தது. பின்னால் வருவதுவரை இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆட்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பிஸ்கட் உறையையும் சும்மா விடாதீர்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தித்தான் அச்சிட வேண்டும் என்பது விதி, ஆகவே சர்க்கரை இரண்டாவதாக இருந்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. கீழே 'கன்டெய்ன்ஸ்' என்று ஒரு வரி, 'மே கன்டெய்ன்' என்று இன்னொரு வரி இருக்கும். முதலாவது, போட்டுச் செய்தது. இரண்டாவது, அதே இடத்தில் வேறு பொருளும் தயாராவதால் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உள்ள வீட்டில் இந்த 'மே' சாதாரணச் சொல் இல்லை.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஈரோட்டிலிருந்து மறுமொழி

'அதுல போட்டிருக்கா' என்ற உங்கள் அம்மாவின் அந்தக் கேள்வியைப் படித்ததும், வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்குப் படித்த நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. கனடாவுக்கு விண்ணப்பிக்க அதில் ஜெனரல் டிரெய்னிங் என்ற வகையை எழுதினேன். வாசிப்புப் பகுதியில் 60 நிமிடம், 40 கேள்விகள், அதில் முதல் பிரிவு முழுக்க நீங்கள் சொல்கிற மாதிரித் தாள்கள்தான்: அறிவிப்பு, விளம்பரம், கால அட்டவணை, ஒரு சேவையைப் பற்றிய குறிப்பு. இரண்டாவது பிரிவு வேலை சம்பந்தப்பட்டது, மூன்றாவதில்தான் நீளமான கட்டுரை. நான் மூன்றாவதை நினைத்துப் பயந்து அதற்கே முழு நேரமும் உழைத்தேன். மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் போனது முதல் பிரிவில்.

காரணம், 'ட்ரூ', 'ஃபால்ஸ்', 'நாட் கிவன்' என்ற மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்விகள். ஒரு மாதிரித்தாளில் நீச்சல் குளத்தைப் பற்றிய அறிவிப்பு. 12 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் ஒருவரோடு வர வேண்டும் என்று இருந்தது. கேள்வியில், 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் குறைவு என்று கொடுத்திருந்தார்கள். நான் 'ட்ரூ' போட்டேன், யோசிக்கவே இல்லை. நம் ரயிலில் 5 வயதிலிருந்து 12 வயதுக்குள் இருந்தால், தனிப் படுக்கை கேட்காவிட்டால், அரை டிக்கெட். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து 12 என்றாலே பாதிக் கட்டணம் என்று ஊறிப்போயிருக்கிறது. அறிவிப்பில் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. விடை 'நாட் கிவன்'.

எனக்குத் தெரிந்ததை அந்தத் தாளில் நானே எழுதிப் படித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு விடைக்கும் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லி என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். விரல் வைக்க இடமில்லை என்றால் அது என் விடை, தாளின் விடை இல்லை. வாசிப்புப் பகுதி முழுவதிலும் தோராயமாக 40க்கு 34 சரியாக வந்தால்தான் 9க்கு 7 கிடைக்கும், முதல் பிரிவில் மூன்று நான்கை விட்டால் பின்னால் ஈடுகட்டவே முடியாது. இரண்டாவது முறை எழுதியபோது தேவையானது கிடைத்தது. தயவுசெய்து சுலபமான தாள் என்று எதையும் வேகமாகத் தாண்டாதீர்கள்.

கோவையிலிருந்து மறுமொழி

நான் கணினி மூலம் இயங்கி உலோகத்தை வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தில் வேலை செய்கிறேன், ஐ.டி.ஐ. படிப்பு. இயந்திரத்தோடு வரும் கையேடு முழுக்க ஆங்கிலம். அதில் 'டேஞ்சர்', 'வார்னிங்', 'காஷன்' என்று மூன்று விதமாகத் தலைப்புப் போட்டு எழுதியிருப்பார்கள். நாங்கள் எல்லோரும் மூன்றையும் 'எச்சரிக்கை' என்று ஒரே மாதிரிப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கையேட்டின் முதல் சில பக்கங்களைச் சொல் சொல்லாகப் படித்தேன், அங்கேயே விளக்கம் இருந்தது. 'டேஞ்சர்' என்றால் தவிர்க்காவிட்டால் உயிர் போகும் அல்லது பலத்த காயம் ஆகும். 'வார்னிங்' என்றால் அப்படி ஆகக்கூடும். 'காஷன்' என்றால் சிறு காயமோ நடுத்தரக் காயமோ ஆகக்கூடும். 'வில்', 'குட்' என்ற இரண்டு சின்னச் சொற்களில்தான் முதல் இரண்டுக்கும் வித்தியாசம். புதிதாக வரும் பையன்களுக்கு இப்போது இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படிக்க வைக்கிறேன். படித்துவிட்டுத் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மறுமொழி

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடப்புத்தகத்துப் பத்தியைப் படிக்கச் சொன்னால் பிள்ளைகள் கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். பதிலும் சரியாக இருக்கும். புரிந்ததா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதனால் இந்த வருடம் வாரத்துக்கு ஒரு நாள், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு உறையைக் கொண்டு வரச் சொன்னேன். சோப்பு, டீத்தூள், நூடுல்ஸ், இருமல் மருந்து அட்டை என்று குவிந்தது. 'பெஸ்ட் பிஃபோர் சிக்ஸ் மன்த்ஸ்' என்று போட்டுத் தயாரித்த தேதியும் கொடுத்திருந்தால் எந்த மாதம் வரை நல்லது என்று கணக்குப் போட வேண்டும். இதில் காப்பியடிக்க வரியே கிடையாது, புரிந்தால்தான் பதில்.

ஒரு பையன் உறை கொண்டு வரவில்லை. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்திருந்தான், எழுத்துப் பிழைகளோடு, நடுவில் ஒரு சதுரத்தைக் கோணலாக வரைந்து கீழ்ப்பாதியில் பச்சை வண்ணம் தீட்டியிருந்தான். அப்பா வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் லேபிள். அதைத் தொட வேண்டாம் என்று அம்மா சொன்னதால் தூர உட்கார்ந்து பார்த்து எழுதினானாம். பச்சை என்றால் இயற்கை மருந்து, ஒன்றும் செய்யாது என்று அப்பா சொன்னார் என்றான். நான் வகுப்பை நிறுத்திவிட்டு அதையே பாடமாக எடுத்தேன். பூச்சிமருந்தில் சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், பச்சை இருப்பதிலேயே குறைவு. குறைவு என்றால் நஞ்சு இல்லை என்று ஆகாது. அவன் எழுதி வந்ததில் கையுறை, முகமூடி போடச் சொல்லும் வரி இருந்தது, காலி டப்பாவை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற வரியும் இருந்தது. அந்த இரண்டையும் அவனையே தமிழில் எழுத வைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் வந்து, மாட்டுத்தொழுவத்தில் தண்ணீர் மொள்ள வைத்திருந்த பழைய டப்பாவை அப்பா நசுக்கி ஓட்டை போட்டுவிட்டார் என்று சொன்னான். பதினாறு வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன், நான் நடத்திய பத்தி ஒன்று ஒரு வீட்டுக்குள் போய் வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

திண்டுக்கல்லிலிருந்து மீண்டும்

டீச்சர், அந்தப் பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஈரோட்டு அக்கா சொன்ன விரல் வைக்கும் முறையை இன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாவது முறை எழுதிய முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்தில் கட்-ஆஃப் தாண்டிவிட்டேன், கணிதத்தில்தான் இந்த முறை போய்விட்டது. தலையங்கத்தையும் மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். இப்போது முற்றுப்புள்ளி வரை பொறுமையாகப் போக வருகிறது.

இன்றைய தாள் அம்மாவின் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரம். காப்பீட்டுத் தொகை 3 லட்சம். அறை வாடகை ஒரு நாளைக்கு அதில் ஒரு சதவீதத்தைத் 'தாண்டாமல்' என்று இருக்கிறது, அதாவது 3,000 ரூபாய். அதைவிட அதிக வாடகையுள்ள அறையை எடுத்தால் மற்றச் செலவுகளையும் அதே விகிதத்தில் குறைத்துத்தான் தருவார்கள் என்று அடுத்த வரி சொல்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் மருந்துச் செலவுக்கும் அது பொருந்துமா என்பதற்கு விரல் வைக்க எனக்கு வரி கிடைக்கவில்லை. இந்த மாதிரிப் பத்திரம் வைத்திருப்பவர்கள் உங்கள் தாளில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாவிடம் சொல்ல வேண்டும், என்ன கேட்பார் என்று தெரியும்.