ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தேன், தம்பி கோபமாக இருக்கிறான்

பள்ளத்தூர் ஆச்சி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 56 வயது. போன மாதம் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் சர்க்கரை பார்க்கப் போனேன். முடித்து எழுந்தபோது, "பரம்பரை நோய் ஆராய்ச்சிக்கு ஒரு குழாய் ரத்தம் கொடுங்க ஆச்சி" என்றார்கள். யோசிக்கவே இல்லை, கையை நீட்டிவிட்டேன். எங்கள் ஆத்தா 48 வயதில் மார்பகப் புற்றுநோயில் போனார்கள். என் அக்கா 41 வயதில், அதே நோய். இரண்டாம் கட்டு அறையில் அக்கா படுத்திருந்த ஏழு மாதமும், கேட்டவர்களிடம் வயிற்றுப்புண் என்றே சொன்னோம். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது தடையாகிவிடும் என்று எங்கள் அப்பச்சி (அப்பா) சொன்னார்கள். அந்தப் பொய் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

படிவம் ஆறு பக்கம், முழுக்க ஆங்கிலம். முடிவு தெரிய வேண்டுமா என்ற இடத்தில் ஆமாம் என்று டிக் அடித்தேன். பிறகு குடும்பக் கொடி வரைந்தார்கள். தம்பி, அவனுடைய இரண்டு பெண்கள், யாருக்கு என்ன நோய், எல்லாம் நானே சொன்னேன். காரைக்குடியில் இருக்கும் தம்பி கேள்விப்பட்டதும் சத்தம் போட்டான்: "அது உன் ரத்தம் மட்டுமா? மூத்தவளுக்கு இப்பத்தானே சாதகம் வெளியே கொடுத்திருக்கோம்!" எனக்குப் பதில் வரவில்லை. நம் நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தமான இசைகுடிமானத்தில்கூட இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டு மூன்று வீட்டுக் கதையைக் கொடுத்துவிட்டேன். திரும்ப வாங்க முடியுமா? முடிவு வந்தால் அவனிடம் சொல்வதா, வேண்டாமா?

மதுரை லேப்:
ஆச்சி, மரபணு ஆலோசனை என் வேலை. திரும்ப வாங்க முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைப்படி எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். ஏற்கெனவே மற்றவர்களுடையதோடு சேர்த்து ஆய்ந்து வெளியிட்டதைப் பிரித்தெடுக்க முடியாது, மிச்ச ரத்தத்தை அழிக்கச் சொல்லலாம். படிவத்தில் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் இருக்கும், பாருங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் படிவம் தந்திருக்க வேண்டும். அது அவர்கள் தவறு, உங்கள் தவறு இல்லை.

ஆனால் விலகுவதற்கு முன்பு ஒன்று. இந்த நோய்க்கு முக்கியமாகப் பார்க்கும் மரபணுக்கள் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2. அவற்றில் கோளாறு உங்கள் ஆத்தாவிடம் இருந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண் பிள்ளைக்கும்தான். தம்பி நோயில்லாமல் இருந்துகொண்டே பெண்களுக்குக் கொடுத்திருக்கலாம். உங்களுக்கு இல்லை என்று வந்தால் அவருக்கும் இல்லை என்று ஆகாது. ஆராய்ச்சியில் வரும் முடிவை அப்படியே நம்பி எதுவும் செய்யாதீர்கள், மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் இளவயதிலேயே எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்கலாம். உங்கள் அக்காவுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

தேவகோட்டை வாத்தியார்:
தம்பி கோபத்தில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவசுபாய் என்று ஒரு சிறிய பழங்குடி. 1990 வாக்கில், சர்க்கரை நோய் ஏன் இவ்வளவு என்று பார்க்கத்தான் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் கல்யாணம், எங்கிருந்து வந்தவர்கள் என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. வழக்குப் போட்டார்கள். 2010-ல் 7 லட்சம் டாலரோடு ரத்த மாதிரிகளும் திரும்பி வந்தன. நாளைக்கு நம் ரத்தத்தை வைத்து, நாம் நம்புவதுபோல் நம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வரவில்லை என்று எவராவது எழுதினால்? அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தைப் பற்றிக் கட்டுரை போட்டால்? நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவினரையும் கேட்டுக்கொண்டா எழுதுவார்கள்? எதற்காக எடுத்தார்களோ அதற்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள் ஆச்சி.

கண்டனூர் வக்கீல்:
இன்சூரன்ஸ் பயமும் இருக்கும், அதனால் சொல்கிறேன். பரம்பரை நோய் என்ற ஒரே காரணத்துக்காக இதய நோயாளி ஒருவரின் கிளெய்மை மறுத்த வழக்கில், 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அது பாகுபாடு என்றது. அமெரிக்காவில் 2008-லேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்தது, ஆயுள் காப்பீடு அதில் வராது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. சம்பந்தம் பேசும் இடத்தில் எந்தச் சட்டமும் காப்பாற்றாது, அதுதான் என் வருத்தம்.

பள்ளத்தூர் ஆச்சி:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அந்த நம்பருக்குப் பேசினேன். தமிழ்ப் படிவம் அனுப்புகிறார்களாம், அது வரும்வரை என் ரத்தத்தைத் தொட மாட்டோம் என்றார்கள். வாத்தியார் சொன்னதையும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

மத்தியானம் தம்பியின் மூத்த மகள் போன் செய்தாள். "அயித்தை, பெரிய அயித்தைக்கு வயிற்றுப்புண் இல்லைதானே?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக. "எனக்குத் தெரியணும் அயித்தை, அப்பச்சிகிட்ட நானே பேசுறேன்" என்றாள். வேண்டாம், நானும் கூட இருக்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்குப் போகிறேன்.