மறு: ரெசிப்ரோக்கல் இன்ஹிபிஷன் – ‘எதிர்த்தசை இளக்கம்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஒரு தசை சுருங்கி வேலை செய்யும்போது அதற்கு எதிர்ப்பக்கத் தசை தானாக இளகுவதை ஆங்கிலத்தில் ரெசிப்ரோக்கல் இன்ஹிபிஷன் என்கிறார்கள். அதைத் தமிழில் ‘எதிர்த்தசை இளக்கம்’ என்று சொல்லலாமா என்று நான் கேட்டதற்கு வந்த பதில் இது:

> ‘பரஸ்பரத் தடுப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. மூலச் சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

நெருக்கமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சொல்லை நான் யாரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலையில் தமிழில் யோகா சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அதில் டாக்சி ஓட்டும் அங்கிள் ஒருவர். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் அவர் கை முழங்காலைத் தாண்டாது. “டீச்சர், பின்னாடி நரம்பு இழுக்குது” என்பார். நம்மவர்களுக்கு எந்த இறுக்கமும் நரம்புதான். உண்மையில் இழுப்பது தொடையின் பின்பக்கத் தசைகள். உட்காரும்போது தரையில் அழுந்துகிற எலும்பில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே வந்து ஒட்டுகின்றன. இவை இறுகிவிட்டால், குனியும்போது இடுப்பெலும்பை முன்னால் சாயவிடாது. அந்த வளைவு முழுவதையும் கீழ்முதுகு வாங்கிக்கொண்டு வலிக்கும். (வலி கால் வழியாகப் பாதம்வரை பாய்ந்தாலோ, கால் மரத்துப்போனாலோ அது வேறு கதை. உடனே மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.)

போன மாதம் அவரிடம், “குனியாதீங்க அங்கிள். காலை நீட்டி, முழங்கால் சில்லை மேலே இழுங்க. முன்தொடை கல்லு மாதிரி ஆகட்டும்” என்றேன். தோலுக்கடியில் சில்லு மெல்ல மேலேறியது. ஐந்து மூச்சு. அப்புறம் அதே பிடியோடு சாயச் சொன்னேன். கை கெண்டைக்கால் பாதிவரை போனது. “இப்ப விட்டுடுச்சு டீச்சர்!”

அந்த ‘விட்டுடுச்சு’தான் நாம் பெயர் தேடும் பொருள். முன்தொடைத் தசையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் சேதி அங்கே இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை அதே தசையை முடுக்குகிறது. இன்னொன்று, இடையில் உள்ள ஒரு நரம்பணு வழியாக, பின்தொடைத் தசையின் முடுக்கத்தைக் குறைக்கிறது. உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன் விரிவாக ஆராய்ந்த செயல் இது. நரம்பணுக்களின் பணி பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932இல் அவரும் எட்கர் ஏட்ரியனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். உடல் வளைவதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். இழுவையைத் தாங்கும் பழக்கமும் சேர்ந்துதான் வளைகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘தடுப்பு’ என்றால் தடுப்பூசி, சாலைத் தடுப்பு. எதையோ மறித்து நிற்பது. ‘தளர்வு’ என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். “உடம்பு தளர்ந்துபோச்சுன்னா சொல்றீங்க?” என்று ஓர் அம்மா முகம் வாடிவிட்டார். அந்த வயதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழுகிறது. ‘நெகிழ்வு’ நல்ல சொல், ஆனால் உடல் வளையும் தன்மைக்கு அது ஏற்கெனவே போய்விட்டது.

‘இளக்கம்’ எனக்குப் பிடித்திருப்பதற்கு இலக்கணமும் ஒரு காரணம். மயங்கு–மயக்கம், கலங்கு–கலக்கம் மாதிரி, இளகு–இளக்கம். இளகு தன்வினை. பின்தசையை நாம் இளக்கவில்லை, முன்தசை வேலை செய்யும்போது அது தானாக இளகுகிறது. ‘மலமிளக்கி’ நினைவுக்கு வருமே என்று யாராவது கேட்கலாம். அது ‘இளக்கு’ என்ற பிறவினையிலிருந்து வந்தது. ‘எதிர்த்தசை’ என்று முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு தசையை எலும்போடு பிணைக்கும் நாணில் இழுவிசை ஏறும்போது அதே தசையின் முடுக்கம் குறைவதை ஆட்டோஜெனிக் இன்ஹிபிஷன் என்கிறார்கள். அதைத் ‘தன்தசை இளக்கம்’ என்று சொல்லிவிடலாம். இரண்டும் ஜோடியாக நிற்கும்.

சுருங்கி வேலை செய்கிற தசைக்குத்தான் எனக்கு இன்னும் மனநிறைவான சொல் கிடைக்கவில்லை. ‘இயக்குதசை’ என்று எழுதி வருகிறேன். ‘வினைத்தசை’ பொருந்துமா? சனிக்கிழமைக்குள் சொன்னால் வகுப்புப் பலகையில் எழுதிப் பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து