டெஸ் தரவில் 0.17 நாள் அலைவுகாலம்: டெல்டா ஸ்கூட்டி வகைதானா?

பாலக்கோடு மாணவர்: வணக்கம். டெஸ் விண்தொலைநோக்கியின் தரவில் ஒரு விண்மீனின் ஒளி 0.17 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. இதை டெல்டா ஸ்கூட்டி வகைத் துடிப்பு விண்மீன் (தானே விரிந்து சுருங்கி ஒளி மாறுவது) என்று பதியலாமா? இன்றிரவே அனுப்ப வேண்டும்.

ஓசூர் பொறியாளர்: விண்மீனின் அடையாள எண், நிறம், ஒளிமாற்றத்தின் அளவு ஆகியவற்றைத் தெரிவியுங்கள். தரவு எத்தனை நிமிட இடைவெளியில் எடுக்கப்பட்டது? தொடக்க காலத்தின் 30 நிமிடத் தரவு என்றால், ஒரு சுற்றுக்கு எட்டுப் புள்ளிகளே கிடைப்பதோடு ஒளிவளைவின் (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடத்தின்) கூர்மையும் மழுங்கிவிடும்.

ஊத்தங்கரை ஆசிரியர்: எனக்கு இது தொடு இரட்டை விண்மீனாகவே (ஒன்றையொன்று தொட்டபடி சுற்றும் இணையாகவே) தோன்றுகிறது. ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்கள் ஒரு சுற்றில் இருமுறை மறைப்பதால், அலைவுகாலத்தைத் தேடும் நிரல் பெரும்பாலும் உண்மையான காலத்தில் பாதியையே காட்டும்.

அரூர் வாசகி: அதற்கு முன், ஒளி மாறுவது அந்த விண்மீன்தானா என்று பாருங்கள். டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானில் 21 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலம் கொண்டது. பக்கத்து விண்மீனின் ஒளியும் அதில் கலந்திருக்கலாம். மொட்டை மாடியிலிருந்து சிறிய தொலைநோக்கியும் கேமராவும் கொண்டே இரண்டையும் பிரித்து அளக்கலாம்.

மூத்த உறுப்பினர்: தம்பி, இருமடங்கு காலத்தில் மடித்துப் பார்ப்பது, அதாவது எல்லாச் சுற்றுகளின் தரவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைவது, முதல் பாடம்; அதைக்கூடச் செய்யாமல் வகையைக் கேட்பது முறையன்று. மாடித் தொலைநோக்கியும் தேவையில்லை; பிக்சல் வாரியாக ஒளிவளைவு வரைந்தால் போதும்.

அரூர் வாசகி: போதாது, ஐயா. இரு விண்மீன்களும் ஒரே பிக்சலுக்குள் விழுந்தால் பிக்சல் வாரியான வளைவு எதைப் பிரித்துக் காட்டும்?

மூத்த உறுப்பினர்: கயா விண்கலம் அளந்த விண்மீன் பட்டியலில் அண்டை விண்மீன்களின் ஒளியளவும் நிறமும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டே முடிவு செய்யலாம்.

அரூர் வாசகி: எந்த விண்மீன் ஐயத்துக்குரியது என்பதைப் பட்டியல் சொல்லும், எது மாறுகிறது என்பதை அளந்துதான் அறிய வேண்டும்.

ஊத்தங்கரை ஆசிரியர்: வளைவின் வடிவத்தையும் கவனியுங்கள். வீச்சு (ஒளிமாற்றத்தின் அளவு) மிகுந்த டெல்டா ஸ்கூட்டி விண்மீன்களில் ஒளி விரைந்து ஏறி மெல்ல இறங்கும். தொடு இரட்டையில் ஏற்றமும் இறக்கமும் ஏறத்தாழ ஒத்திருக்கும்; ஒன்றுவிட்டு ஒரு பள்ளம் சற்று ஆழமாகவும் அமையலாம். நிறம் விண்மீனின் வெப்பத்தைக் காட்டும்; ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் டெல்டா ஸ்கூட்டி விண்மீன்களைப் போல வெப்பம் மிகுந்த தொடு இரட்டைகளும் உள்ளன.

பாலக்கோடு மாணவர்: 10 நிமிடத் தரவு. 0.34 நாளில் மடித்தேன். பள்ளங்கள் மாறி மாறி ஆழம் வேறுபடுகின்றன. நன்றி.

ஓசூர் பொறியாளர்: அப்படியானால் தொடு இரட்டைக்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அடையாள எண்ணை இன்னும் தரவில்லையே. அது தெரிந்தால்தான் அண்டை விண்மீன்களை நாங்கள் சரிபார்க்க முடியும்.