வாதாபிக்குப் போன காஞ்சிபுரத்துக்காரன்

கர்நாடகப் பயணம் என்றாலே எல்லாரும் ஹம்பி, மைசூர், கூர்க் என்றுதான் எழுதுகிறார்கள். என் பங்குக்குப் பாதாமி. போன டிசம்பரில் தனியாகத்தான் போனேன். பெங்களூரில் சாயங்காலம் கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலையில் இறங்கினால் பாதாமி ஸ்டேஷன். ஊர் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது, ஆட்டோ பிடிக்க வேண்டும்.

பாதாமிதான் நம் வாதாபி, சாளுக்கிய மன்னன் புலிகேசியின் தலைநகர். பள்ளிக்கூடத்தில் 642, முதலாம் நரசிம்மவர்மன், 'வாதாபி கொண்டான்' என்று நெட்டுருப் போட்டு ஐந்து மார்க் வாங்கியவன் நான். ஆனால் அந்த ஊரில் இன்றைக்கும் ஜனங்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆட்டோக்கார அண்ணாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். பெங்களூரில் மூன்று வருஷம் வேலை பார்த்த அரைகுறைக் கன்னடத்தில் காஞ்சிபுரம் என்றேன். வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்து, "அப்ப எங்க ஊரைச் சூறையாடினது நீங்கதானா ரீ?" என்றார் ('ரீ' அந்தப் பக்கத்து மரியாதைச் சொல்). முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனாலும் எனக்கு ஒரு கணம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நான் அப்போ பொறக்கலை அண்ணா" என்றேன். அதோடு சிநேகம். அடுத்த இரண்டு நாளும் அவர் ஆட்டோதான்.

குடைவரைகள் நான்கு. செம்மணற்கல் மலை, காலை வெயில் பட்டால் சுட்ட செங்கல் நிறம். முதல் குகை வாசலிலேயே பதினெட்டுக் கை நடராஜர். மூன்றாவதுதான் பெரியது, சாளுக்கிய மன்னன் கீர்த்திவர்மன் காலத்தில் அவன் தம்பி மங்களேசன் 578-இல் முடித்தது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. அதில் பெருமாள் ஆதிசேஷன் மேல் படுத்திருக்கவில்லை, பாம்பின் சுருளையே ஆசனமாக்கி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். ஸ்ரீரங்கமும் திருவெக்காவும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ரொம்ப நேரம் புதிதாகவே இருந்தது. குரங்குகள் ஜாக்கிரதை. என் பையைக் கிழித்துக் கடலை மிட்டாயை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெருமாள் எதிரிலேயே உட்கார்ந்து தின்றது ஒன்று.

மேலிருந்து பார்த்தால் கீழே பச்சையாக அகஸ்திய தீர்த்தம். சின்ன வயதில் வயிறு முட்டச் சாப்பிட்டால் பாட்டி தொப்பையைத் தடவி "வாதாபி ஜீரணம்" என்பாள், அந்த அகஸ்தியர்தான். படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அடி கேட்கும், எதிர்மலையில் பட்டு அதே அடி இன்னொரு தரம் கேட்கும். நான்கு பேர் துவைத்தால் எட்டுப் பேர் துவைக்கிற மாதிரி. சிற்பத்தையெல்லாம் விட்டுவிட்டு அரைமணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அண்ணா ஒரு கோயிலுக்குப் பின்னால் இருந்த பாறைக்குக் கூட்டிப்போய், "உங்க ஆளு எழுதினது" என்றார். நரசிம்மவர்மன் வெட்டிய கல்வெட்டு, பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. அங்கிருந்து நேராக, ஏரிக்கு மேலே உள்ள பாறையில் கப்பெ அரபட்டன் கல்வெட்டுக்கு. ஏழாம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் வெட்டியது, கன்னடத்தின் பழைய திரிபதிப் பாட்டு, அதாவது மூன்றடிப் பாட்டு, அதில் இருக்கிறது. பள்ளியில் படித்ததாம், அண்ணா ஆட்டோவில் சாய்ந்தபடியே ஒப்பித்தார். நல்லவனுக்கு நல்லவன், இனியவனுக்கு இனியவன் என்று போகும். "மாதவன் ஈதன் பெறன் அல்ல" என்று முடித்தபோது நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். பெறன் அல்ல. பிறன் அல்ல! இதற்கு எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை என்றதும் அவருக்கு நம்பிக்கையே வரவில்லை.

மறுநாள் ஐஹொளெ, பட்டதகல். ஐஹொளெயில் துர்கா கோயில் என்பது துர்க்கை கோயில் இல்லை, கோட்டையை ஒட்டி இருந்ததால் வந்த பெயர். நம் பெண்ணாடம் போலத் தூங்கானை மாடம்தான், பின்புறம் யானை முதுகு மாதிரி வளைந்திருக்கும். மேலே குன்றில் மேகுடி சமணக் கோயிலில் ரவிகீர்த்தியின் 634-ஆம் வருஷக் கல்வெட்டு. புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் மங்கிப்போன பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் போய் ஒளிந்தான் என்று அதில் இருக்கிறது. இதைக் காட்டுவதற்காகவே அண்ணா அந்த வெயிலில் என்னோடு படியேறி வந்திருக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. எட்டே வருஷம் கழித்து வாதாபியே போனதை நான் எடுக்கவில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு இடம் காட்ட வேண்டியவர் அவர்.

அந்தச் சாப்பாடு: கடக்கென்று ஒடியும் சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், கடலைப் பொடி, சின்ன மண்சட்டியில் கெட்டித் தயிர். பனசங்கரி கோயில் வாசலில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் வாங்குங்கள், ஓட்டல் வேண்டாம். நான் முதல் நாள் தங்கின விடுதியில் கொடுத்த ரொட்டியை மெல்லவே முடியவில்லை.

பட்டதகலில் மலப்பிரபா வடக்குப் பார்த்து ஓடுகிறது. வடநாட்டுச் சிகரமும் தென்னாட்டு விமானமும் ஒரே புல்வெளியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. விருபாட்சர் கோயில் முன்னால் போய் நின்றதும் எங்கள் கைலாசநாதர் கோயில் ஞாபகம்தான். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்ததற்காக ராணி லோகமகாதேவி 740 வாக்கில் எழுப்பியது. அவன் காஞ்சியில் கொள்ளையடிக்கவில்லை, ராஜசிம்மேச்சரத்து, அதாவது அதே கைலாசநாதர் கோயிலின், செல்வத்தைப் பார்த்துவிட்டு சாமிக்கே திருப்பிக் கொடுத்தான், அதை அங்கே கன்னடத்தில் கல்லில் வெட்டியும் வைத்தான் என்று அண்ணா சொன்னார். "நீங்க பார்த்திருப்பீங்களே?"

பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம், சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடிய கோயில், எனக்குத் தெரியாது.

ஊருக்கு வந்த மறுநாள் சாயங்காலமே போனேன். மண்டபத் தூண் ஒன்றில் இருக்கிறது, கும்பிட வருகிறவர்கள் கண்ணில் படாத பக்கம். இருட்டில் போனில் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வந்தது: ஒரு எழுத்தும் தெரியவில்லை ரீ, நாளைக்குப் பகலில் போய் இன்னொரு தரம் எடுங்கள்.